நார்தாம்டன் தொகுதியும் சார்லஸ் பிராட்லாவும்

ஓர் ஊரார் முறைப்படி வோட்டுச் செய்து ஒருவரைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்புகிறார்கள். சபையில் முன்னமே வீற்றிருப்போர் அவரைக் கண்டதும், இவர் எங்களோடு இருக்கத் தகாதவர் என்று வாயிலை அடைத்துவிடுகிறார்கள். ஊரார் மறுபடியும் அவரையே அனுப்புகிறார்கள். வாயில் மறுபடியும் அடைபடுகிறது. ஊர் பெரிதா, சபை பெரிதா? பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய் என்று புகழப்படும் ஆங்கிலப் பார்லிமெண்டிலேயே இந்தக் கேள்வி 1880 முதல் 1886 வரையில் ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஓயாது எழுந்தது. அதை எழுப்பியது செல்வர் நிறைந்த பட்டணமன்று. பூட்ஸும் ஜோடும் தைத்துப் பிழைக்கும் தொழிலாளர் நிறைந்த நார்தாம்டன் என்னும் நடுத்தர நகரம். அந்நகரத்தார் விடாப்பிடியாகத் தேர்ந்தெடுத்த மனிதர் சார்லஸ் பிராட்லா. இந்தியாவின் பார்லிமெண்டு அங்கத்தினர் என்று நம் நாட்டு முன்னோர் உரிமையோடு பாராட்டியதும் இவரைத்தான். தேர்தல் வேலையில் ஈடுபடும் நம் அன்பர்கள் இவர் சரித்திரத்தை அறிந்திருப்பது நல்லதென்று கருதி இங்கே சுருக்கமாக எழுதத் துணிகிறோம்.

தொடக்கத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். பிராட்லா நாஸ்திகர். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. நாம் அக்கொள்கையை ஏற்பவரல்லோம். நம் வாசகர்களிலும் பெரும்பாலோர் ஏற்கமாட்டார்கள். ஆயினும் நார்தாம்டன் நகரத்து வோட்டர்களிலும் பெரும்பாலோர் அதை ஏற்றவரல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போனவர்களே அவருக்கு வோட்டளித்தார்கள். இந்தச் சரித்திரத்தின் சுவை அதில் இருக்கிறது.

முதலில் ஊரைப்பற்றி. நார்தாம்டன் பழைய தொகுதி. இரண்டு அங்கத்தினரை அனுப்பும் உரிமை அதற்கு நெடுங்காலமாக இருந்துவந்தது. மற்ற ஊர்களில் ஒரு சில பிரபுக்களின் கைக்குள் வோட்டு அடங்கியிருந்த நாளிலேயே இவ்வூரில் தர்மத்துக்குக் கையேந்தாத குடித்தனக்காரர் அநேகமாக யாவருக்கும் வோட்டு இருந்தது. வோட்டு விரிந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் இவ்வூரே சாட்சி. 1768-ம் வருஷத் தேர்தலில் ஹாலிபாக்ஸ், நார்தாம்டன், ஸ்பென்ஸர் என்னும் மூன்று பிரபுக்கள் தத்தம் அபேட்சகர்களை நிறுத்திப் போட்டியிட்டார்கள். வீடு வீடாகச் சாராயமும் விருந்தும் ஓடின. பணம் தண்ணீராய் இறைந்தது. அத்தேர்தலுக்கு ஊதாரிப் பிரபுக்களின் தேர்தல் என்றே சரித்திரத்தில் பெயர் நிலைத்துவிட்டது. நார்தாம்டன் பிரபு தம் தோப்பு மரங்களை வெட்டி விற்று, வீட்டுச் சாமான்களையும் விற்று, கடைசிக் காலத்தை ஸ்விட்ஜர்லாந்தில் கழித்தார். வோட்டை விலைக்கு வாங்கப் புறப்பட்டவர் வீட்டை இழந்தார். இக்காலத்து அபேட்சகர்களில் சிலர் இதைப் படித்துக் கொள்ளலாம். பிற்பாடு, 1812-ல் காமன்ஸ் சபையின் முகப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதம மந்திரி ஸ்பென்ஸர் பெர்ஸிவலும் இத்தொகுதியின் அங்கத்தினராக இருந்தவரே.

பிராட்லா பிறந்தது 1833-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி, லண்டனின் கிழக்குப் பகுதியான ஹாக்ஸ்டனில். தகப்பனார் ஒரு ஸாலிஸிடரின் ஆபீஸில் குமாஸ்தா. வறுமை காரணமாகப் பதினோராவது வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. முதலில் தகப்பனாரின் ஆபீஸிலேயே எடுபிடி வேலை. பின்பு ஒரு கரி வியாபாரியிடம் கணக்கு. கிறிஸ்தவ பக்தியில் ஊறிய குடும்பமாதலால் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் வேலையும் இவருக்கு ஏற்பட்டது. பிஷப்பின் வருகைக்காகச் சுவிசேஷங்களை ஊன்றிப் படிக்கும்படி பாதிரியார் கட்டளையிட்டார். பிள்ளை உண்மையிலேயே ஊன்றிப் படித்துவிட்டது. அதிலிருந்துதான் தொல்லை பிறந்தது. ஒரு சுவிசேஷத்துக்கும் மற்றொன்றுக்கும், அவற்றுக்கும் திருச்சபையின் 39 விதிகளுக்கும் பொருந்தாத இடங்களைக் கண்டு விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்கு எழுதினார். பாதிரியார் விளக்கம் அளிப்பதற்குப் பதிலாகப் பையன் நாஸ்திகனாகிவிட்டான் என்று தகப்பனாருக்கு எழுதினார். அப்பொழுது பையன் நாஸ்திகனல்லன். சந்தேகம் கொண்டவன், அவ்வளவே. வேலையும் வீடும் போயின. பதினாறு வயதுப் பிள்ளை தெருவில் நின்றது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வருஷக்கணக்கில் சிறையிலிருந்த ரிச்சர்டு கார்லைல் என்பவரின் குடும்பத்தார் அன்று அவருக்கு ஒதுங்க இடம் கொடுத்தார்கள். கேள்வி கேட்ட சிறுவனை அதட்டி விரட்டியதால் திருச்சபை தனக்கு ஒரு ஜன்ம விரோதியைத் தானே உண்டாக்கிக் கொண்டது என்பது நம் அபிப்பிராயம்.

கடன் தொல்லை பொறுக்கமாட்டாமல் 1850-ல் குதிரைப் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். படை அயர்லாந்தில் தங்கியிருந்தது. குத்தகை கொடுக்கமாட்டாத குடியானவர்களை மழையிலும் பனியிலும் வீட்டினின்று வெளியேற்றும்பொழுது காவல் நிற்பதும் அப்படையின் வேலைகளில் ஒன்று. அங்கே கண்ட காட்சிகள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் ஐரிஷ் மக்களுக்காகவும் இந்திய மக்களுக்காகவும் அவர் வாதாடியதற்கு வித்து அங்கே விழுந்ததென்று சொல்லலாம். 1853-ல், உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையைக் கொண்டு படையிலிருந்து விடுதலை பெற்று லண்டன் திரும்பி ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவானார். அவர் பாரிஸ்டர் பரீட்சை எழுதியவரல்லர். ஆயினும் குமாஸ்தா மேஜையில் கற்ற சட்டத்தைக் கொண்டு பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய பெரிய நியாயவாதிகளை எதிர்த்துத் தம் வழக்குகளைத் தாமே நடத்தினார். சட்டத்தையே தொழிலாகக் கொண்டு பழகிய நமக்கு அவ்வழக்குகளின் அறிக்கைகளைப் படிக்கும்பொழுதெல்லாம் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும்.

1860-ல் ‘நேஷனல் ரிபார்மர்’ என்ற பத்திரிகை அவர் கைக்கு வந்தது. 1866-ல் தேசிய லௌகிக சங்கத்தைத் தோற்றுவித்தார். 1868-ல் ஜாமீன் பணம் கட்டவில்லையென்று சர்க்கார் அப்பத்திரிகையின்மீது வழக்குத் தொடுத்தது. ஜாமீன் கேட்கும் சட்டம் எத்தகையது என்பதை இந்தியப் பத்திரிகைகளின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பிராட்லா விட்டுக்கொடுக்கவில்லை. சர்க்கார் அவரைப் பணிய வைக்க முடியவில்லை. 1869-ல் அந்த ஜாமீன் சட்டமே ரத்தாயிற்று. அதே வருஷத்தில், கடவுள் நம்பிக்கையில்லாதவர் நீதிஸ்தலங்களில் சத்தியப் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லலாம் என்ற சட்டமும் வந்தது. அதற்குமுன் அத்தகையவர் கொடுத்த கடனைக் கோர்ட்டில் நிரூபிக்கவும் வழியில்லாமல் இருந்தது. இந்தச் சட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளவேண்டும். கதை இதைச் சுற்றியே போகிறது.

1867-ம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தால் நகரங்களில் தொழிலாளர் வீடுகளுக்கு வோட்டு வந்தது. அடுத்த வருஷமே பிராட்லா நார்தாம்டனில் அபேட்சகராக நின்றார். அக்காலத்தில் இரகசிய வோட்டு இல்லை. முதலாளியும் வீட்டுக்காரனும் பார்த்திருக்க, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்படியிருந்தும் 1,086 பேர் அவர் பெயரைச் சொன்னார்கள். தோல்விதான். 1872-ல் இரகசிய வோட்டுச் சட்டம் வந்தது. 1874 பிப்ரவரியில் மறுபடி நின்று 1,653 வோட்டுப் பெற்றார்; தோல்வி. அவ்வருஷ அக்டோபரில் லிபரல் அங்கத்தினர் கில்பின் காலமானதால் உபதேர்தல் வந்தது. 1,766 வோட்டு, மூன்றாவது தோல்வி. லிபரல் கட்சியார் அவரை ஏற்காமல் வேறொருவரை நிறுத்தியபடியால் வோட்டுப் பிரிந்து கன்ஸர்வேடிவ் அபேட்சகர் உள்ளே நுழைந்தார். ஊரின் இரண்டு ஸ்தானங்களும் எதிர்க்கட்சிக்குப் போயின. அன்றிரவு ஜனங்கள் கொதித்தெழுந்து கல்லெறிந்தார்கள், பட்டாளம் வரவேண்டியதாயிற்று. பிராட்லாவோ அதற்குள் அமெரிக்கக் கப்பலைப் பிடிக்கப் போய்விட்டார். அங்கே பிரசங்கம் செய்து கிடைக்கும் பணத்தால்தான் தேர்தல் கடனைத் தீர்க்கவேண்டியிருந்தது.

1877-ல் அவரும் அன்னி பெஸண்டு அம்மையாரும் கர்ப்பத்தடை குறித்த ஒரு பழைய சிறு புத்தகத்தை மறுபடி அச்சிட்டு விற்று, வேண்டுமென்றே வழக்குக்கு ஆளானார்கள். ஆறு மாதச் சிறையும் 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டு, அடுத்த வருஷம் அப்பீலில் குற்றப்பத்திரிகையின் பிழை காரணமாகத் தண்டனை நீங்கிற்று. பிற்காலத்தில் அடையாற்றில் வந்து அமர்ந்து, ஹோம்ரூல் கிளர்ச்சி நடத்தி, 1917-ல் காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்த அதே அம்மையார்தான். அவர் தெய்வ நம்பிக்கையில் திரும்பியதும் கொள்கையில் இருவரும் பிரிந்தார்கள். ஆனால் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் மேடையிலும் எப்படிப் போராடுவது என்பதை அம்மையார் பிராட்லாவிடமே கற்றார். சென்னை அதிகாரிகள் அந்தப் பயிற்சியின் பலனை நன்றாக அனுபவித்தார்கள்.

1880 ஏப்ரலில் பொதுத் தேர்தல். இம்முறை லிபரல் கட்சியாருக்கு அறிவு வந்தது. லபூஷேர் என்ற செல்வப் பத்திரிகையாசிரியரும் பிராட்லாவும் ஜோடியாக நின்றார்கள். லபூஷேருக்கு 4,158, பிராட்லாவுக்கு 3,827, இரு கன்ஸர்வேடிவ்களும் பின்தங்கினார்கள். முதல் முயற்சிக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த வெற்றி. லபூஷேர் பெரிய பரிகாசக்காரர். அதன்பிறகு தம்மை நார்தாம்டனின் கிறிஸ்தவ அங்கத்தினர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மே மாதம் 3-ந் தேதி பிராட்லா சபைக்கு வந்து, பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். 1866-ம் வருஷப் பார்லிமெண்டுப் பிரமாணச் சட்டம், சட்டப்படி உறுதிமொழி கூற அனுமதி பெற்றவர் சபையிலும் அவ்வாறு செய்யலாமென்று கூறுகிறது. 1869-ம் வருஷச் சட்டம் தமக்கு அந்த அனுமதியைத் தந்திருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் படித்தால் தமக்கு உரிமையுண்டு என்பது அவருடைய வாதம். விஷயம் ஸெலக்ட் கமிட்டிக்குப் போயிற்று. வோட்டுகள் சரிசமமாகி, தலைவரின் தனி வோட்டால் அவருக்கு எதிராக முடிவாயிற்று. அப்படியானால் பிரமாணமே செய்துவிடுகிறேன் என்று முன்வந்தார். இங்கே அவர் ஒரு பிழை செய்தார் என்பது நம் கருத்து. பிரமாணத்தில் கடவுளைக் குறிக்கும் சொற்கள் தமக்குப் பொருளற்றவை, எனினும் அதன் கட்டுப்பாடு தம்மைப் பிணிக்கும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நேர்மையான கடிதம்; ஆனால் எதிரிகள் கையில் கொடுத்த கத்தி. பொருளற்றதென்று சொன்னவன் பிரமாணம் செய்வது தெய்வநிந்தனை என்று கூச்சல் கிளம்பிற்று. நாஸ்திகர் எத்தனையோ பேர் வாய்மூடிப் பிரமாணம் செய்து சபையில் வீற்றிருந்தார்கள். உண்மையைச் சொன்னவருக்குத்தான் இடமில்லாமற் போயிற்று.

கூச்சலிட்டவர்களில் முதல்வர் ஸர் ஹென்றி உல்ப், ராண்டால்ப் சர்ச்சில் பிரபு முதலிய கன்ஸர்வேடிவ் இளைஞர்கள். சர்ச்சில் பிரபு, பிராட்லா அரச வம்சத்தைத் தாக்கி எழுதிய சிறு புத்தகத்தைச் சபை நடுவே எறிந்து காலால் மிதித்தார். இவர்களுக்கு மதத்தில் அவ்வளவு பக்தியிருந்ததென்று நாம் நம்பவில்லை. பிரதம மந்திரி கிளாட்ஸ்டனைச் சங்கடத்தில் மாட்டிவைக்க ஒரு வழி கிடைத்தது; அவ்வளவுதான். வருந்தத்தக்கது என்னவென்றால், ஐரிஷ் அங்கத்தினரில் பெரும்பாலோரும் கத்தோலிக்க குருமாரின் சொல்லுக்கு அஞ்சி, தம் நாட்டுக் குடியானவர்களுக்காகப் பரிந்து பேசிய மனிதரை எதிர்த்து வோட்டளித்ததே.

ஜூன் 22-ந் தேதி பிராட்லா பிரமாணமும் செய்யக்கூடாது, உறுதிமொழியும் கூறக்கூடாது என்று 275-க்கு 230 வோட்டால் சபை தீர்மானித்தது. மறுநாள் அவர் வந்தார். சபையின் எல்லைக் கம்பியருகே நின்று தம் கட்சியை எடுத்துரைத்தார். வெளியே போகும்படி சொன்னபொழுது சட்டம் தமக்கு அளித்த இடத்தை விட்டுப் போகமுடியாதென்று மறுத்தார். அவரைக் கைதுசெய்து கடியாரக் கோபுரத்தில் அடைத்தார்கள். தேர்தலில் வென்றதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவரை எத்தனை நாள் அடைத்துவைப்பது? அடுத்த நாளே விட்டுவிட்டார்கள். ஜூலையில் கிளாட்ஸ்டன் ஒரு சமரசம் செய்தார்: உறுதிமொழி கூறி உட்காரலாம், ஆனால் அது சட்டவிரோதமென்று கோர்ட்டில் ஏற்பட்டால் அதன் பலனை அவரே அனுபவிக்கவேண்டும். பிராட்லா உட்கார்ந்தார். சட்டவிரோதமாகக் கொடுக்கும் ஒவ்வொரு வோட்டுக்கும் 500 பவுன் அபராதம் என்பது விதி. கிளார்க் என்ற ஒருவர் உடனே வழக்குத் தொடுத்தார். 1881 மார்ச்சில் அப்பீல் கோர்ட்டு, 1869-ம் வருஷச் சட்டம் சாட்சி சொல்வதற்கே செல்லும், சபைக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஸ்தானம் காலியாயிற்று.

இப்பொழுது பொறுப்பு ஊரிடம் வந்தது. 1881 ஏப்ரல் உபதேர்தலில் பிராட்லாவுக்கு 3,437, எதிரி கார்பெட்டுக்கு 3,305. வித்தியாசம் 132. பிரமாணம் செய்யப் போனார், தடுத்தார்கள். ஆகஸ்டு 3-ந் தேதி தம் உரிமையைச் செலுத்திப் பார்ப்பதென்று வந்தார். சபைச் சேவகரும் போலீஸாரும் சேர்ந்து அவரைப் பிடித்து, படிகளின்மேல் இழுத்து, முற்றத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். ஓங்கிய உருவமும் மிகுந்த பலமும் உடையவர். சட்டை கிழிந்து, முகம் வெளுத்து, மூச்சு வாங்க நின்றார். வெளியே ஆயிரக்கணக்கான ஜனங்கள் மனுக்களோடு கூடியிருந்தார்கள். அவர் கண்சாடை காட்டியிருந்தால் அவர்கள் வாயிலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்திருப்பார்கள். அவர் காட்டவில்லை. ஜனங்களைச் சாந்தமாக வைத்திருக்கும் பொறுப்பை அவர் முன்னமே பெஸண்டு அம்மையாரிடம் ஒப்படைத்திருந்தார். அம்மையாரும் அதை நிறைவேற்றினார். அன்று பட்ட காயத்தால் பிராட்லா பல நாள் நோயுற்றுக் கிடந்தார்.

1882 பிப்ரவரி 21-ந் தேதி அவர் செய்த காரியம் சபையைத் திகைக்க வைத்தது. மேஜையண்டை நேராக நடந்துசென்று, சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, பிரமாண வாசகத்தைத் தாமே படித்து, தாமே கையெழுத்திட்டார். மறுநாள் சபை அவரை வெளியேற்றிற்று. மார்ச்சு 2-ந் தேதி ஊரார் அவரையே திருப்பியனுப்பினார்கள்: 3,796-க்கு 3,688. வித்தியாசம் 108. இந்த எண்ணை நம் தேர்தல் அன்பர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். ஐம்பத்தைந்து பேர் மனம் சலித்து எதிரிக்கு வோட்டளித்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். அந்த ஊரில் உபதேர்தல் வந்தபோதெல்லாம் பிரசங்க மேடைகளில் நாஸ்திகத்துக்கு வோட்டா, தெய்வத்துக்கு வோட்டா என்று கேட்டார்கள். முதலாளிகளில் பலர் முகத்தைச் சுளித்தார்கள். தேர்ந்தெடுத்தும் பயனில்லை, ஊருக்கு ஓர் அங்கத்தினர் குறைகிறார் என்ற வாதம் எல்லாவற்றையும்விட வலியது; நியாயமாகவும் தோன்றக்கூடியது. அத்தனையையும் கேட்டுவிட்டு, ஊதா, வெள்ளை, பச்சை என்ற அவருடைய மூவர்ணப் பட்டியை அணிந்து அந்த ஜோடு தைக்கும் தொழிலாளர் சாவடிக்குப் போனார்கள். பிராட்லாவை நாம் எவ்வளவு மதித்தாலும், அவ்வூராரை அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மதிக்கிறோம்.

1883-ல் கிளாட்ஸ்டனின் மந்திரிசபை உறுதிமொழி மசோதா ஒன்றைக் கொணர்ந்தது. கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். பிராட்லாவின் கொள்கை அவருக்கு வேம்பு. எனினும் மதம் ராஜாங்க உரிமைக்குத் தடையாகலாகாது என்று அவர் செய்த பிரசங்கம் அவருடைய மிகச் சிறந்த பிரசங்கங்களில் ஒன்றென்று கொண்டாடப்படுகிறது. மசோதா 292-க்கு 289 என்று மூன்றே வோட்டில் தோற்றது. அதே வருஷத்தில் கோர்ட்டில் வேறு திருப்பம். கிளார்க்கைப் போன்ற தனி மனிதர் அபராத வழக்குத் தொடுக்க உரிமையில்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கிளார்க்கின் பின்னால் நின்று பணம் கொடுத்தவர் நியூடிகேட் என்ற கன்ஸர்வேடிவ் அங்கத்தினர் என்பதை வெளிப்படுத்தி, பிறர் வழக்கைத் தூண்டிவிட்டு நடத்திய குற்றத்துக்காக அவர்மீதே பிராட்லா வழக்காடி நஷ்டஈடும் வாங்கினார். ஆனால் 1884-ல் சபையின் தலைமைச் சேவகர் காஸெட்டின்மீது தொடுத்த வழக்கில் அவருக்குத் தோல்வி. சபை தன் நான்கு சுவர்களுக்குள் நடத்தும் காரியத்தில் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்றது தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் அதை இன்றும் படிக்கிறார்கள். நமது சட்டசபைகளிலும் சபை உரிமை என்ற பேச்சு எழும்போதெல்லாம் அத்தீர்ப்பு எங்கோ பின்னணியில் நிற்கிறது. கோர்ட்டு கைவிரித்தபின் மிஞ்சியது ஊர்தான். 1884 பிப்ரவரியில் அவர் மறுபடி தாமே பிரமாணம் செய்துகொண்டு, பின் ராஜினாமாச் செய்து, மறுபடி ஊரிடம் போனார். 4,032-க்கு 3,664, வித்தியாசம் 368. 1885 பொதுத் தேர்தலிலும் அவரே.

1886 ஜனவரி 13-ந் தேதி புதிய பார்லிமெண்டு கூடிற்று. ஆட்சேபிக்க எழுந்தவர்களைச் சபாநாயகர் பீல் பேச விடவில்லை. சட்டப்படி பிரமாணம் செய்ய வருகிற அங்கத்தினரைத் தடுக்கச் சபாநாயகருக்கும் அதிகாரமில்லை, பிறருக்கும் இல்லை என்று அவர் முடிவு சொல்ல, பிராட்லா பிரமாணம் செய்து உட்கார்ந்தார். ஐந்தரை வருஷம் நடந்த அமளி சில நிமிஷங்களில் அடங்கிற்று. முதல் நாளே ஒரு சபாநாயகர் இதைச் சொல்லியிருக்கலாமே என்று வாசகர் கேட்பர். நாமும் அதையே கேட்கிறோம். சபையில் இடம் கிடைத்ததும் அவர் பழிவாங்கப் புறப்படவில்லை. 1888-ல் அவரே கொணர்ந்த மசோதா பிரமாணச் சட்டமாயிற்று. சபையிலும் கோர்ட்டிலும் யாரும் உறுதிமொழி கூறலாமென்று ஏற்பட்டது. இந்திய அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணை, கடவுளின் பெயரால் பிரமாணம் செய்யலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இருவழியும் விட்டிருப்பது, நார்தாம்டன் ஊரார் திறந்த வழியே.

இந்தியாவைக் குறித்த அவருடைய உழைப்பு இந்தக் கடைசி வருஷங்களில்தான் முழு வேகம் கொண்டது. வாயில்லாத ஜனங்களுக்காகச் சபையில் வாய் திறப்பவர் வேறு அதிகம் பேர் இல்லை. 1889-ல் கடும் நோயில் விழுந்து பிழைத்து, உடம்பு தேறக் கப்பல் யாத்திரை செய்யும்படி வைத்தியர் சொன்னபொழுது, அவர் தேர்ந்தெடுத்த யாத்திரை பம்பாய்க்கு. அவ்வருஷ டிசம்பரில் ஸர் வில்லியம் வெட்டர்பர்ன் தலைமையில் கூடிய ஐந்தாவது காங்கிரஸுக்கு அவர் வந்தார். வந்திருந்த பிரதிநிதிகளின் தொகை, வியக்கத்தக்கபடி, 1889. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் அவருக்கு வரவேற்புப் பத்திரங்கள் குவிந்தன. காங்கிரஸ் வகுத்த திட்டத்தை ஆதாரமாகக் கொண்டு இந்தியச் சட்டசபைகளில் தேர்தல் முறையைப் புகுத்தும் மசோதா ஒன்றை 1890-ல் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தார். அதே வருஷத்தில் காச்மீர மகாராஜாவின் அதிகாரத்தைப் பறித்த விஷயத்தையும் அங்கே எழுப்பினார். சுரேந்திரநாத் பானர்ஜியும் நமது சென்னைப் பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டனும் ஹ்யூமும் மற்றவர்களும் அவ்வருஷத்தில் இங்கிலாந்து சென்று பிரசாரம் செய்தார்கள். சர்க்கார் தம் சொந்த மசோதாவை எதிரே நிறுத்தியது. 1892-ல் நிறைவேறிய சட்டம் பிராட்லா கேட்டதில் ஒரு சிறு பங்குதான். தேர்தல் என்ற சொல்லைக்கூட அதில் நேராக வைக்க மனம் வரவில்லை. நம் நாட்டில் பின்னால் சட்டசபைப் பிரவேசம் கூடுமா, ராஜவிசுவாசப் பிரமாணம் செய்துவிட்டு உள்ளே போகலாமா என்று நடந்த நீண்ட சர்ச்சைகளை அறிந்தவர்களுக்கு, உள்ளே போகும் உரிமைக்கே இம்மனிதர் கொடுத்த விலை விளங்கும்.

அவருக்குக் குறைகளும் உண்டு. அபேதவாதம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொழிலாளர் வோட்டால் சபைக்குப் போனவர், தொழிலாளர் கட்சியின் புதிய கோரிக்கைகள் பலவற்றைச் சந்தேகக் கண்ணோடே பார்த்தார். வயதாக ஆக, வடக்கேயும் கிழக்கு லண்டனிலும் இளைஞர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். இது உண்மையாகையால் மறைக்க நமக்கு இஷ்டமில்லை.

1891 ஜனவரியில் அவர் படுக்கையில் விழுந்தார். 27-ந் தேதி டாக்டர் ஹண்டர் என்ற அங்கத்தினர், 1880 ஜூன் 22-ந் தேதித் தீர்மானத்தைச் சபைக் குறிப்பிலிருந்து அடித்துவிட வேண்டுமென்று பிரேரேபித்தார். முன்னொரு காலத்தில் மிடில்ஸெக்ஸ் தொகுதியார் திருப்பித் திருப்பி அனுப்பிய ஜான் வில்க்ஸ் விஷயத்திலும், 1769-ல் செய்த தீர்மானத்தை 1782-ல் சபை இப்படியே அடித்துவிட நேர்ந்தது. பிராட்லாவைக் குறித்த பிரேரணையும் நிறைவேறிற்று. அவர் நினைவு தப்பிக் கிடந்தார். செய்தி அவருக்கு எட்டவில்லை. 30-ந் தேதி உயிர் நீங்கிற்று. வயது ஐம்பத்தேழு. ப்ரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் நடந்தபொழுது லண்டனிலிருந்த இந்தியர்கள் திரளாகப் போனார்கள். அவர்களில் ஒருவர் பாரிஸ்டர் படிப்பு மாணவரான மோகன்தாஸ் காந்தி. திரும்பும்பொழுது ரயில் நிலையத்தில் ஒரு நாஸ்திக வீரர் அங்கிருந்த பாதிரியாரை வம்புக்கிழுத்ததைக் கண்டு தமக்கு நாஸ்திகத்தின்மீது இருந்த வெறுப்பு அதிகமானதாக அவர் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் அங்கே போயிருந்தார்.

காலியான ஸ்தானத்துக்கு அடுத்த மாதமே மான்பீல்டு என்ற ஜோடுத் தொழிற்சாலை முதலாளியை லிபரல் கட்சியில் தேர்ந்தெடுத்தார்கள். 1894-ல் ஊர் நடுவே அபிங்டன் சதுக்கத்தில் பிராட்லாவுக்குச் சிலை எழுந்தது. 1918-ல் நார்தாம்டனின் இரண்டு ஸ்தானங்கள் ஒன்றாகக் குறைந்தன. 1923-ல் அவ்வூர் மார்கரெட் பாண்ட்பீல்டு அம்மையாரை அனுப்பிற்று. பிரிட்டிஷ் மந்திரிசபையில் முதல்முதல் இடம்பெற்ற பெண்மணியாகப் பின்னால் ஆனவர் அவர். 1974-ல் தொகுதியே வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்து, பழைய பெயர் தனித்து நிற்பது நின்றது. லாகூரில் பிராட்லாவின் பெயரால் எழுப்பிய மண்டபத்தை 1900-ல் சுரேந்திரநாத் பானர்ஜி திறந்துவைத்தார். பின்னாளில் லாலா லஜபதி ராயின் தேசியக் கலாசாலை அங்கே நடந்தது. பகத் சிங் படித்தது அந்தக் கலாசாலையில்தான்.